வானுக்குச் சட்டம், கிடங்குக்கு விலக்கு: மெத்தில் புரோமைடு கட்டுப்பாட்டின் வரலாறு

மெத்தில் புரோமைடு நிறமில்லாத வாயு. கொதிநிலை 3.6 பாகை செல்சியஸ் என்பதால் உருளையைத் திறந்ததும் ஆவியாகிவிடும். காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது; எனவே கப்பலின் அடித்தளத்திலும் கிடங்கின் தரையிலும் தங்கும். மரக்கட்டைக்குள்ளும் பருப்பு மூட்டைக்குள்ளும் புகுந்து வண்டு, புழு, முட்டை, நூற்புழு அனைத்தையும் கொல்லும். ஊடுருவிச் செல்லும் இந்த ஆற்றலுக்காகத்தான் வணிகம் அதை விரும்பியது. தொழிலாளிக்கு ஆபத்தாக முடிவதும் அதே ஆற்றல்தான். ரப்பருக்குள்ளும் தோல்பொருளுக்குள்ளும் அது புகுந்து தங்கும். ஆகவே அமெரிக்காவில் உருளையின் முகப்புச் சீட்டு சொல்லும் அறிவுரை, நச்சுப்பொருள்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரைக்கு நேர்மாறாக இருக்கிறது: கையுறை போடக் கூடாது; ரப்பர் காலணி கூடாது; மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும்; உடை தளர்வாக இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் எதுவும் வாயுவை அங்கேயே நிறுத்தித் தோலைப் புண்ணாக்கும்.

மூச்சில் புகுந்தால் உடனே தெரியாது. சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்துத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் தொடங்கும். அளவு கூடியிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும், வலிப்பு வரும், உயிரே போகும். பிழைத்தவர்களில் சிலருக்கு நடைத் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் நெடுநாள் நீடிக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது.

தனித்தனி நாடுகளில் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் உலகம் ஒன்றுகூடி இந்த வாயுவைக் கட்டுப்படுத்த முன்வந்தபோது அதற்குச் சொன்ன காரணம் மனித உடல் அல்ல, ஓசோன் படலம். பின்னர் எழுந்த விதிகளின் உருவத்தை அந்தத் தொடக்கமே தீர்மானித்துவிட்டது என்பதும், தொழிலாளி வாயுவுக்கு மிக அருகில் நிற்கும் பயன்பாடே விலக்குப் பெற்று இன்றுவரை தொடர்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சயனைடு கால விதிகள்

1886-இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியலாளர் டி. டபிள்யூ. காக்வில்லெட், மரத்தின் மேல் கூடாரத் துணியைப் போர்த்தி உள்ளே ஹைட்ரஜன் சயனைடு வாயுவைச் செலுத்திப் பார்த்தார். முறை பலித்தது. தோட்டத்தில் தொடங்கிய அந்தப் புகையூட்டம் மாவு ஆலைக்கும், எலி பெருகிய கப்பலுக்கும், மூட்டைப்பூச்சி பெருகிய குடியிருப்புக்கும் பரவியது. இந்தியாவிலும் அது கால் ஊன்றியது. 1914-ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டத்தின் கீழ், 1920-களில் அமெரிக்கப் பருத்தி பம்பாய்த் துறைமுகம் வழியாக மட்டுமே, அதுவும் சயனைடு புகையூட்டிய பின்பே நாட்டுக்குள் விடப்பட்டது. மெக்சிகோவின் காய்க்கூன்வண்டு இந்தியப் பருத்திக்கு வந்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

பிரிட்டனில் 1930-களில் சேரிகளை அகற்றிப் புதிய குடியிருப்புகளுக்கு மக்களைக் குடியேற்றியபோது, மூட்டைப்பூச்சி கூடவே வராமலிருக்கக் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியோடு சயனைடு புகையூட்டினார்கள். மெத்தையும் தலையணையும் வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நன்றாகக் காற்றாட விடாத படுக்கையில் அன்றிரவு படுப்பவரின் உயிருக்கே ஆபத்து. 1937-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஹைட்ரஜன் சயனைடு புகையூட்டத்துக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. கட்டிடங்களுக்கும் கப்பல்களுக்குமான விரிவான விதிகள் 1951-இல் அதன் கீழ் வந்தன. அதே பெயரில் மலாயாவில் 1953-இல் சட்டம் வந்தது.

இந்த விதிகளை இன்று படிக்கும்போது கண்ணில் படுவது அவற்றின் அக்கறை எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான். முன்கூட்டி அறிவிப்பு கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் மட்டுமே வாயுவைத் தொடலாம். வாசலில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். வாயு வெளியேறிவிட்டதைச் சோதித்து, பொறுப்பானவர் எழுதிக் கொடுத்த பின்பே உள்ளே நுழையலாம். எத்தனை டன் பயன்படுகிறது என்பதைப் பற்றி அச்சட்டத்துக்குக் கவலையில்லை. அது பார்த்தது ஓர் அறையை, அந்த அறைக்குள் நுழையப்போகும் ஆளை.

வாயு இருப்பதை மூக்கு அறிய வேண்டும் என்பதற்காக எரிச்சலூட்டும் ஒரு பொருளைக் கலக்கும் வழக்கமும் சயனைடு காலத்திலேயே வந்தது. ஜெர்மனியில் விற்ற சைக்ளோன் பி-யில் அத்தகைய எச்சரிக்கைப் பொருள் இருந்தது. கொலைமுகாம்களுக்கென அது நீக்கப்பட்ட சரக்கை நாஜிகள் தருவித்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒன்றை எடுத்துவிடுவது என்ன பொருள்படும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வரலாற்றில் இல்லை.

சயனைடின் இடத்தில் வந்தது

மெத்தில் புரோமைடு முதலில் தீயணைப்பானில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் தீயணைப்பான்களிலும் அது பயன்பட்டது. அதன் பூச்சிக்கொல்லி ஆற்றலை 1932-இல் பிரான்சின் லெ கூப்பில் வெளியிட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கத் தாவரக் குவாரண்டைன் துறை அதைக் கையிலெடுத்தது. சயனைடைவிட இது உயிருள்ள செடிகளையும் பழங்களையும் குறைவாகப் பாதித்தது, குவிந்து கிடக்கும் சரக்கின் ஆழத்துக்குச் சென்றது, எளிதில் தீப்பற்றாது. சயனைடு போல ஆளை நொடியில் சாய்ப்பதில்லை என்பதால் பாதுகாப்பானது என்ற எண்ணமும் பரவியது. அந்த எண்ணம் தவறு. மெதுவாகத் தாக்கும் நஞ்சு எச்சரிக்கை தராமல் அளவை ஏற்றிக்கொண்டே போகும்.

பெரும்பயன்பாடு மண்ணில் நிகழ்ந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் வில்ஹெல்ம், ஆல்பர்ட் பாலஸ் முதலியோரின் ஆய்வுகளை அடியொற்றி, ஸ்ட்ராபெரி வயல்களில் நடவுக்கு முன் மெத்தில் புரோமைடும் குளோரோபிக்ரினும் கலந்து மண்ணுக்குள் செலுத்தி, மேலே பாலித்தீன் விரிப்பைப் போர்த்தினார்கள். மண்ணில் இருந்த பூஞ்சை, நூற்புழு, களைவிதை எல்லாம் மடிந்தன, மகசூல் எகிறியது. தக்காளி, மிளகாய், நாற்றங்கால், மலர்ப்பண்ணை என்று வழக்கம் பரவி, 1991-இல் உலகப் பயன்பாடு, குவாரண்டைன் நீங்கலாகவே, சுமார் 64,000 டன்னை எட்டியது.

எச்சரிக்கைக்காக இதிலும் 2 சதவீதம் குளோரோபிக்ரின் கலந்தார்கள். முதல் உலகப் போரில் கண்ணைக் கரிக்கவைக்கும் போர்வாயுவாக இருந்த பொருள் அது. ஆனால் விதைக்கும் புதுப்பழத்துக்கும் குளோரோபிக்ரின் கேடு என்பதால், அவற்றுக்குக் கலப்பில்லாத வாயுவே போனது. அங்கே மூக்குக்கு எந்தத் துப்பும் இல்லை.

கசிவைக் காண நெடுங்காலம் பயன்பட்ட கருவி ஹாலைடு விளக்கு. எரிவாயுச் சுடரின் நடுவே செம்பு வளையம் ஒன்று பழுக்கக் காய்ந்திருக்கும். காற்றில் மெத்தில் புரோமைடு இருந்தால் சுடர் பச்சையாகும், அளவு ஏற ஏற நீலமாகும். வயலுக்கும் கிடங்குக்கும் எளிய கருவிதான். ஆனால் அமெரிக்கத் தொழில்சார் நலவியலாளர் மாநாடு பரிந்துரைக்கும் வரம்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 1 பங்கு. அந்த அளவை இந்த விளக்கால் காட்ட இயலாது. சுடர் பச்சையாகத் தெரியும் நேரத்தில் தொழிலாளி பாதுகாப்பு எல்லையை எப்போதோ தாண்டியிருப்பார். அதே அமெரிக்காவில் சட்டப்படி கட்டுப்படுத்தும் தொழிலிட உச்சவரம்பு பத்து லட்சத்தில் 20 பங்கு. நிபுணர் சொல்வதற்கும் சட்டம் பொறுத்துக்கொள்வதற்கும் நடுவே இருபது மடங்கு இடைவெளி. ஓசோனுக்காக இந்த வாயுவின் அளவுகளை உலக நாடுகள் திரும்பத் திரும்பக் கூடித் திருத்தின. தொழிலாளியின் மூச்சுக்கான இந்தச் சட்ட வரம்பு அசையவில்லை.

மேலிருந்து இறங்கிய சட்டம்

குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வோஃப்ஸி, மெக்எல்ராய், யங் மூவரும் வளிமண்டலத்தில் புரோமின் செய்யும் வேலையைச் சுட்டிக்காட்டினார்கள். ஓசோனைச் சிதைப்பதில் ஒரு புரோமின் அணு ஒரு குளோரின் அணுவைவிடப் பல பத்து மடங்கு வலியது. 1985-இல் அண்டார்க்டிகாவின் ஓசோன் துளை அறிவிக்கப்பட்டது. 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அது கட்டுப்படுத்திய பொருள்களின் பட்டியலில் அப்போது மெத்தில் புரோமைடு இல்லை.

1992 நவம்பரில் கோபன்ஹேகன் கூட்டத்தில்தான் அது சேர்ந்தது. சேர்ப்பதற்கு எதிராக எழுந்த வாதம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: கடலும் காட்டுத்தீயும் இயற்கையாகவே இந்த வாயுவை வெளியிடுகின்றன; மனிதன் சேர்ப்பது ஒரு பகுதி மட்டுமே. இது உண்மைதான். ஆனால் இந்த வாயு வளிமண்டலத்தில் ஓராண்டுக்கும் குறைவாகவே தங்கும் என்பதும் உண்மை. குறைத்தால் பலன் உடனே தெரியும் என்பது அதன் பொருள். வளர்ந்த நாடுகள் 1995 முதல் 1991-இன் அளவைத் தாண்டக் கூடாது என்று முதலில் முடிவானது. 1997-இல் மாண்ட்ரியலில் கூடியபோது முழுக்கால அட்டவணை வந்தது. வளர்ந்த நாடுகள் 1999-இல் 25 சதவீதம், 2001-இல் 50, 2003-இல் 70 எனக் குறைத்து 2005-இல் நிறுத்த வேண்டும். வளரும் நாடுகளுக்கு 2015.

பலன் எதிர்பார்த்தபடியே வந்தது. 1990-களின் பிற்பகுதியில் காற்றின் லட்சம் கோடி பங்கில் 9 பங்குக்குச் சற்று மேல் இருந்த மெத்தில் புரோமைடு, 2016-க்குள் 7 பங்குக்குக் கீழே இறங்கியது. சூழலியல் வரலாற்றில் இவ்வளவு விரைவாகக் கண்முன் பலித்த உடன்படிக்கைகள் மிகக் குறைவு. என் விமரிசனம் அந்த வெற்றியின் மேல் அல்ல.

விமரிசனம் விலக்குகளின் மேல். அவை இரண்டு. முதலாவது, மாற்று இல்லாத இன்றியமையாப் பயன்பாடு. 2004 மார்ச்சில் இதற்கென்றே ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது. அதில் 2005-க்கென அமெரிக்காவுக்குக் கொடுத்த அளவு அதன் அடிப்படை அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஸ்ட்ராபெரியும் தக்காளியும் அதில் முக்கியமானவை. ஆனால் இந்த விலக்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டியது. ஒவ்வொரு முறையும் நிபுணர் குழு கேள்வி கேட்டது. அளவு தேய்ந்துகொண்டே வந்து, கலிபோர்னிய ஸ்ட்ராபெரி வயலுக்கான விலக்கு 2016-உடன் முடிந்தது.

இரண்டாவது விலக்கு குவாரண்டைனுக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய புகையூட்டத்துக்கும் உரியது. இதற்கு விண்ணப்பமில்லை, மேல்வரம்பில்லை, முடிவு நாளும் இல்லை. ஏற்றுமதிக்கு முன்பு என்றால் 21 நாளுக்குள் என்ற வரையறையும், பயன்படுத்திய அளவை அறிவிக்கும் கடமையும் 1999-இல் பெய்ஜிங்கில் சேர்ந்தன. அதற்கு மேல் கட்டுப்பாடு நகரவில்லை.

இதற்கிடையே இன்னொரு திசையிலிருந்து தேவை பெருகியது. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. சீனச் சரக்குகளின் மரப்பெட்டிகளோடு வந்தது அது. மரப் பொதியலுக்கான உலகளாவிய விதி 2002-இல் வந்தது. சரக்கு ஏற்றும் ஒவ்வொரு மரச் சட்டமும், உள்மையம் 56 பாகையை எட்டி 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றப்பட வேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு பெற வேண்டும் என்றது அது. சூளைக்குச் செலவாகும், வாயுவுக்கு ஒரு தார்ப்பாயும் ஓர் உருளையும் போதும். ஆக, ஐந்தாண்டுக்கு முன் ஒரு மன்றம் ஒழிக்க முடிவெடுத்த பொருளை இன்னொரு மன்றம் உலக வணிகத்தின் கட்டாயங்களில் ஒன்றாக்கியது. பயன்பாட்டைக் குறைக்குமாறு அந்த விதியை வகுத்த தாவரப் பாதுகாப்பு ஆணையமே 2008-இல் பரிந்துரைத்தது என்றாலும், பரிந்துரை சட்டமாகவில்லை. குவாரண்டைன் பயன்பாடு ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் 2010 மார்ச் 18 முதல் குவாரண்டைன் உட்பட எல்லாவற்றையும் தடுத்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் பிறந்தன. அவ்வகையில் இந்தியச் சட்டத்தின் தொடக்கம் மனித உடல்தான். மெத்தில் புரோமைடை யாரும் கடையில் வாங்க முடியாது. அரசு நிறுவனங்களும், அரசு நிபுணரின் அல்லது மத்தியத் தாவரப் பாதுகாப்பு ஆலோசகர் ஒப்புதல் தந்த நிபுணரின் கண்டிப்பான மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களுமே பயன்படுத்தலாம். உரிமம் பெற, வேளாண்மை அல்லது வேதியியல் படித்த பட்டதாரி மைசூரு, ஹாப்பூர், ஹைதராபாத் போன்ற இடங்களின் மத்திய நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தொழிலாளருக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை, மூச்சுக்கவசம் ஆகியவையும் விதிகளில் உண்டு. எழுத்தளவில் இவை சயனைடு கால விதிகளின் வழிவந்தவை, நல்லவை.

ஆனால் உரிமம் கேட்பது புகையூட்டுபவரிடம். மறுநாள் சரக்குப் பெட்டகத்தைத் திறந்து மூட்டை இறக்குபவரிடம் சட்டம் பேசுவதில்லை.

இந்தியா 1992-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2000-இல் ஓசோன் சிதைக்கும் பொருள்களுக்கான விதிகளை வெளியிட்டது. அதற்கு நேர் எதிராக, 2003-ஆம் ஆண்டின் தாவரக் குவாரண்டைன் ஆணை, இறக்குமதியாகும் பருப்புக்கும் மரத்துக்கும் மெத்தில் புரோமைடு புகையூட்டத்தை நிபந்தனையாக்கியது. பருப்புக்கான அளவு: 21 பாகைக்குக் குறையாத வெப்பத்தில், கன மீட்டருக்கு 32 கிராம், 24 மணி நேரம். கனடாவின் குளிர்காலத்தில் இது நடக்கிற காரியமல்ல. குளிரில் இந்த வாயு சரிவர வேலை செய்யாது, கனடாவோ அதைக் கைவிட்டுக்கொண்டிருந்த நாடு. ஆகவே, இந்தியத் துறைமுகத்தில் இறங்கிய பின் புகையூட்டிக்கொள்ளலாம் என்ற தளர்வு 2004 முதல் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. இந்தத் தளர்வை வணிகச் செய்தியாகவே நாளேடுகள் எழுதின. கனடாவில் எவரும் சுவாசிக்க வேண்டாத வாயு இங்கே இறக்குமதித் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக நிலையத்துக்கு இடம் மாறியது என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

இலங்கையின் தேயிலை மலைகளிலும் இந்த வாயுவுக்கு ஒரு காலம் இருந்தது. தேயிலை வேரைத் தாக்கும் நூற்புழுவை ஒழிக்க நாற்றங்கால் மண்ணுக்கு அதைச் செலுத்தினார்கள். உடன்படிக்கையின் பன்னாட்டு நிதியுதவியோடு மாற்றுமுறைகள் சோதிக்கப்பட்டு அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. நாற்றங்காலில் வேலை செய்த மலையகத் தமிழ்த் தொழிலாளருக்கு ஓசோன் சட்டம் செய்த நன்மை இது. அவர்களை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அல்ல என்றாலும் நன்மை நன்மைதான்.

நியூசிலாந்தின் வழி

விலக்குக்குள் நின்றுகொண்டே தொழிலாளியைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு நியூசிலாந்து விடை தேடியது. அங்கே டௌரங்கா முதலிய துறைமுகங்களில் ஏற்றுமதி மரக்கட்டைகளைத் தார்ப்பாயால் மூடிப் புகையூட்டி, பின்னர் தார்ப்பாயை விலக்கி வாயுவைக் காற்றில் விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. நெல்சன் துறைமுகத்தில் சில தொழிலாளர்கள் இயக்க நரம்பணு நோயால் இறந்தபோது, வாயுதான் காரணமா என்று குடும்பத்தாரும் தொழிற்சங்கமும் கேட்டார்கள். தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் கேள்வி அரசைத் தொட்டது. 2010-இல் அந்நாட்டுச் சூழல் அபாய ஆணையம், பத்தாண்டுக்குள் ஒவ்வொரு புகையூட்டத்திலும் வாயுவை மீட்டுப் பிடிக்க வேண்டும், காற்றில் விடக் கூடாது என்று உத்தரவிட்டது. கரித்தூளிலோ வேதிக்கரைசலிலோ வாயுவை உறிஞ்சச் செய்வதே இதற்கான முறை. 2020-ஆம் ஆண்டுக் கெடு வந்தபோது தொழில்துறை தயாராக இல்லை, கெடு நீண்டது. 2021-இல் வந்த புதிய தீர்ப்பு படிப்படியான மீட்பு அளவுகளை விதித்து, கப்பலின் சரக்கறைக்குள் இந்த வாயுவைச் செலுத்துவதை 2023 ஜனவரி முதல் தடுத்தது. மெத்தில் புரோமைடையே கேட்டுவந்த இந்தியாவுக்கான மரக்கட்டை வணிகத்தை இது நேரடியாகப் பாதித்தது. ஏற்றுமதி இழப்பைக் கண்டும் அந்நாடு பின்வாங்கவில்லை என்பது முக்கியம்.

விலக்கின் ஆபத்து புகையூட்டும் இடத்தோடு நிற்பதில்லை. ராட்டர்டாம் துறைமுகத்தில் 2002-இல் இறக்குமதிப் பெட்டகங்களைச் சோதித்தபோது சுமார் ஐந்தில் ஒன்றில் புகையூட்டி வாயு மிச்சமிருந்தது. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டாதவை அவற்றில் பல. 2015 மார்ச்சில் அமெரிக்க விர்ஜின் தீவுகளின் செயின்ட் ஜான் தீவில், விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த நால்வர் குடும்பம் வலிப்புக்கும் வாதத்துக்கும் ஆளானது. கீழ்த்தள அறையில் ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனம் மெத்தில் புரோமைடைப் பயன்படுத்தியிருந்தது. குடியிருப்புக்குள் அதற்கு அனுமதியே இல்லை. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெருந்தொகை அபராதம் கட்டியது. வேறு பயன்களுக்கெல்லாம் நிறுத்தப்பட்ட பொருளானாலும், விலக்கின் பேரில் உருளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை இத்தகைய துணிச்சலுக்கு வழி இருக்கும்.

மாற்றுகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றிலும் குறையும் உண்டு. பாஸ்பீன் மலிவு, ஆனால் மெதுவானது. அரைகுறையாக மூடிய கிடங்குகளில் அதைத் தாங்கும் வண்டினங்கள் உருவாகிவிட்டன. மரப் பொதியலுக்கு 2018-இல் ஒப்புதல் பெற்ற சல்ஃப்யூரில் புளோரைடு ஓசோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலிய வெப்பவாயு. நியூசிலாந்து 2022-இல் அனுமதித்த இத்தேன்டைநைட்ரைலும் சயனைடு குடும்பத்து நஞ்சுதான். எந்த வாயுவைத் தேர்ந்தாலும் அறைக்குள் நுழையும் ஆளைப் பற்றிய 1937-இன் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மரத்துக்கு மட்டும் சூடேற்றும் முறை இந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை. செலவு கூடுதல் என்பது அதைத் தள்ளிவைக்கப் போதிய காரணம் அல்ல என்பேன்.

இங்கே உடனே செய்யக்கூடியவை மூன்று உள்ளன. சென்னை, தூத்துக்குடி உட்பட இறக்குமதித் துறைமுகங்கள் அனைத்திலும், புகையூட்டிய பெட்டகத்தைத் திறக்கும் முன் வாயு அளவு கருவியால் அளக்கப்பட்டு, அந்த எண் எழுதிய சான்று சரக்கு இறக்கும் தொழிலாளியின் கைக்கும் போக வேண்டும். அந்த எண்ணுக்குரிய எல்லை காற்றின் பத்து லட்சம் பங்கில் 1 பங்காக இருக்க வேண்டும். வாயுவைக் காற்றில் விடாமல் மீட்டுப் பிடிப்பதைப் பெரிய துறைமுகங்களில் கெடு வைத்துக் கட்டாயமாக்க வேண்டும். உடன்படிக்கையின் குவாரண்டைன் விலக்கைத் திறந்து திருத்த நாடுகள் எத்தனை காலம் எடுத்துக்கொள்ளுமோ தெரியாது. இந்த மூன்றுக்கும் அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. மத்திய வேளாண் அமைச்சகமும் துறைமுக நிர்வாகங்களும் தங்கள் அதிகாரத்துக்குள்ளேயே இவற்றைச் செய்துவிடலாம்.